அர்கனாய்டு போர்டில் 'செத்துப்போன' 28 கால் சிப்பைக் காப்பி எடுக்க முடியுமா?

நீங்கள் கேட்டதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். தொண்ணூறுகளில் உங்கள் அப்பா பெரம்பூரில் நடத்திய வீடியோ கேம் கடையின் மிச்சமாக பந்தை மட்டையால் தட்டிச் செங்கல் உடைக்கும் அர்கனாய்டு ஆட்டத்தின் போர்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. பெட்டி கரையானுக்குப் போய்விட்டது. போர்டும் திருகுகிற குமிழும் மட்டும் தப்பின. கரண்ட் கொடுத்தால் படம் வருகிறது, காயின் சுவிட்சைத் தட்டினால் கிரெடிட் ஏறுகிறது, ஆட்டம் தொடங்கினால் மட்டை மட்டும் அசையவில்லை. ரிச்சி தெருவில் ஒருவர் பார்த்துவிட்டு, நடுவில் கண்ணாடி வைத்த 28 கால் மோட்டோரோலா சிப் செத்துவிட்டது, அது இப்போது வருவதே இல்லை என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சிப்பில் இருப்பதைக் காப்பி எடுத்துப் புதுசில் ஏற்ற முடியுமா என்பது உங்கள் கேள்வி.

இதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. சிப் நிஜமாகவே செத்ததா, அதற்குள் இருந்த புரோகிராமுக்கு எங்கே போவது, அதை எந்தச் சிப்பில் ஏற்றுவது. எல்லோரும் பயப்படுவது நடுவில் உள்ளதற்கு. என் அனுபவத்தில் அதுதான் மூன்றிலும் சுலபம். காசும் காலமும் வீணாவது முதல் கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக மெஷின் கண்ட்ரோல் போர்டுகளைப் பழுதுபார்க்கிறேன்; டைமர், எடை மெஷின், பாலிதீன் கவர் வெட்டும் மெஷின் என்று எது வந்தாலும். வீடியோ கேம் போர்டு ஞாயிற்றுக்கிழமைக் கிறுக்கு. ஆகவே கீழே சொல்வதில் சிப் சம்பந்தப்பட்டதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் போர்டைக் கண்ணால் பார்க்காததால் பழுதைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஊகம்தான்.

அர்கனாய்டு 1986-இல் டைட்டோ கொண்டுவந்தது. ஆட்டத்தை ஓட்டுவது 6 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு இசட்80 பிராசசர். உங்கள் கடைக்காரர் கைகாட்டியது அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 68705பி5 என்ற மைக்ரோகண்ட்ரோலர், அதாவது தன் புரோகிராமைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சின்னக் கம்ப்யூட்டர். குமிழின் நிலையைப் படித்து இசட்80-க்குச் சொல்வது அதன் வேலை. ஆட்டத்தைத் திருட்டு போர்டில் போட முடியாமல் தடுப்பதும் அதன் வேலை. வெளியே இருக்கும் ஈப்ராம்களை (புற ஊதா ஒளியில் அழித்து மறுபடி எழுதக்கூடிய மெமரி சிப்கள்) யார் வேண்டுமானாலும் கழற்றிக் காப்பி எடுக்கலாம். இந்தச் சிப்புக்குள் இருப்பதை அப்படி எடுக்க முடியாது என்ற நம்பிக்கையில்தான் டைட்டோ இதை வைத்தது.

கடைக்காரர் சொன்னதை நான் உடனே ஏற்காததற்குக் காரணம் இருக்கிறது. காயின் ஏறுகிறது, ஆட்டம் தொடங்குகிறது என்கிறீர்கள். மைக்ரோகண்ட்ரோலர் முழுதாகச் செத்திருந்தால் அதனிடம் பதில் கேட்டுக் காத்திருக்கும் இசட்80 இந்த அளவுக்கு வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அசையாதது மட்டை ஒன்றுதான். அந்தக் குமிழுக்குள் ஓட்டை போட்ட ஒரு தட்டும் அதை இருபுறமும் பிடித்த இரண்டு ஒளி சென்சார்களும் இருக்கும். முப்பது வருஷம் பரணில் கிடந்தால் அதில் தூசியும் கரப்பான் எச்சமும் சேராமல் இருக்குமா? நம் ஊர்க் காற்றில் உப்பு வேறு. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கமிருந்து வரும் போர்டுகளில் ஐசி கால்கள் பச்சை பூத்து, சாக்கெட்டை விட்டு எடுக்கும்போதே உதிர்ந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் சோதனைக்கு மல்டிமீட்டரும் ஒரு லாஜிக் புரோபும் (காலில் தொட்டால் சிக்னல் மேலா கீழா என்று காட்டும் பேனா) போதும். போர்டின் மேலேயே 5 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். சப்ளை முனையில் பார்த்தால் போதாது. வயரிலும் கனெக்டரிலும் அரை வோல்ட் விழுந்திருக்கும், 4.75-க்குக் கீழே போனால் போர்டில் இருக்கும் 5 வோல்ட் டிடிஎல் வகை ஐசி எதற்கும் உத்தரவாதம் இல்லை. அடுத்து அந்த 28 கால் சிப். 3-ஆம் காலில் 5 வோல்ட், 1-ஆம் கால் தரை, 28-ஆம் கால் ரீசெட். அது மேலே, அதாவது 5 வோல்ட் பக்கம், இருக்க வேண்டும். 4-ஆம் காலில் கிளாக் துடிக்க வேண்டும். இந்த நான்கும் சரி என்றால் 12 முதல் 19 வரை உள்ள எட்டுக் கால்களில் ஒவ்வொன்றாகப் புரோபை வைத்துக்கொண்டு குமிழை மெதுவாகத் திருகுங்கள். குமிழின் எண்ணிக்கை அந்த எட்டுக் கால்கள் வழியாகத்தான் சிப்புக்குள் போகிறது. அங்கே நிலை மாறவில்லை என்றால் பழுது சிப்புக்கு முன்னால், அதாவது குமிழ், வயர், எண்ணும் சுற்று ஆகியவற்றில் ஒன்றில். அங்கே மாறியும் மட்டை நகரவில்லை என்றால் சிப்பின் மேல் சந்தேகப்படலாம். அப்போதும் முதலில் சிப்பைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து, கால்களைச் சுத்தம் செய்து, திரும்பப் போட்டுப் பாருங்கள்.

சரி, செத்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செத்த சிப்பிலிருந்து காப்பி எடுக்க முடியுமா என்று நேராகக் கேட்டால், நடைமுறையில் முடியாது. உயிரோடு இருந்தாலும் பி5-இல் பாதுகாப்பு பிட் ஒன்று உண்டு. அதை ஏற்றிவிட்டால் வழக்கமான வழியில் உள்ளே இருப்பதைப் படிக்க விடாது. அதன் அண்ணன் பி3-இல் அந்தப் பூட்டு இல்லை. இரண்டுக்கும் கால் வரிசை ஒன்று, உள்ளே இருக்கும் 1804 பைட் ஈப்ராமும் 112 பைட் ராமும் ஒன்று. இது பிறகு உதவும், நினைவில் வையுங்கள்.

ஆனால் உங்கள் சிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஒரே பதிப்பு போர்டுகளில் எல்லாம் அதே புரோகிராம்தான். 1997-இல் தொடங்கிய மேம் என்ற திட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டரில் பழைய கேம் ஆடுவதற்கான மென்பொருள் என்றுதான் பலருக்குத் தெரியும். பழுதுபார்ப்பவனுக்கு அது ஒரு பேரேடு. எந்தப் போர்டில் எந்தச் சிப், அதில் எத்தனை பைட், அதன் செக்சம் (படித்தது சரியா என்று ஒப்பிடும் கூட்டெண்) என்ன, படித்தது சரியா சந்தேகமா, இதுவரை யாரும் படிக்கவே இல்லையா என்பதெல்லாம் அதன் மூல நிரலில் சிப் வாரியாக எழுதியிருக்கும். அர்கனாய்டின் மைக்ரோகண்ட்ரோலர் அதில் இருக்கிறது. உங்கள் சிப்பின் மேல் ஏ75 என்று தொடங்கும் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள், அடுத்து வரும் எண்தான் முக்கியம். ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு என்று ஈப்ராம்கள் மாறும்போது சிப்பும் மாறியிருக்கிறது. ஒன்றின் ஈப்ராமோடு இன்னொன்றின் மைக்ரோகண்ட்ரோலரைப் போட்டால் ஆட்டம் சரியாக ஓடாது, நீங்கள் மறுபடி சிப் செத்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

அந்த ஸ்டிக்கரே இல்லை என்றால் உங்களுடையது திருட்டு போர்டாக இருக்கலாம். அப்பா கடை என்பதால் வருத்தப்படாதீர்கள். என் மேஜைக்கு வந்த அந்தக் காலத்துப் போர்டுகளில் ஒரிஜினலைக் கண்டால்தான் எனக்கு ஆச்சரியம். தீவுத்திடல் பொருட்காட்சியில் நாம் டோக்கன் போட்டு ஆடியதில் எத்தனை ஒரிஜினலோ, யார் கண்டது! திருட்டு அர்கனாய்டுகளில் சிலவற்றில் மைக்ரோகண்ட்ரோலரே இருக்காது, இசட்80 புரோகிராமையே திருத்தி அதன் தேவையை நீக்கியிருப்பார்கள். சிலவற்றில் அதே மாதிரிச் சிப்பில் அவர்களாக எழுதிய புரோகிராம் இருக்கும். பபிள் பாபிள் என்ற கேமில் நடந்தது இன்னும் சுவாரசியம். ஒரிஜினலில் 6801 குடும்பத்துச் சிப், புரோகிராமைத் தொழிற்சாலையிலேயே பதித்த மாஸ்க் ரோம் வகை. அதைப் படிக்க முடியாத திருடர்கள் அது வெளியே என்ன பேசுகிறது என்பதைக் கவனித்து, அதே மாதிரிப் பேசும் புரோகிராமை 68705-இல் எழுதிவிட்டார்கள். தப்பான வேலைதான், ஆனால் மூளைக்கார வேலை.

ஒரிஜினல் மாஸ்க் ரோமைப் பின்னால் எப்படிப் படித்தார்கள் என்று கேட்பீர்கள். சிப்பின் மேலோட்டை ஆசிட்டில் கரைத்து, உள்ளே இருக்கும் சிலிக்கானை மைக்ராஸ்கோப்பில் படமெடுத்து, புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து ஒவ்வொரு பிட்டாக எழுதினார்கள். 1981-இல் வந்த கேலகாவில் இருக்கும் ஃபுஜிட்சுவின் 4 பிட் சிப்கள் போன்றவை இப்படித்தான் காப்பாற்றப்பட்டன. மாஸ்க் ரோமில் பிட் என்பது தொழிற்சாலையில் பதித்த உருவம், அதனால் கண்ணுக்குப் படும். உங்கள் 68705 ஈப்ராம் வகை. அதில் பிட் என்பது சிறைப்பட்ட மின்னூட்டம், சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாக் கட்டமும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே வீடியோவில் பார்த்துவிட்டு யாராவது நைட்ரிக் ஆசிட் வாங்கலாமா என்று யோசித்தால், உங்கள் சிப்புக்கு அது பிரயோஜனம் இல்லை. அடுக்குமாடி வீட்டு பால்கனியில் செய்கிற காரியமும் இல்லை.

இனி மூன்றாவது கேள்வி. வெற்றுச் சிப் வேண்டும். 68705பி3 கிடைத்தால் போதும், பி5-க்குப் பதிலாக அப்படியே உட்காரும். புதிதாக யாரும் தயாரிப்பதில்லை. பழைய போர்டிலிருந்து பிடுங்கியதுதான் வரும். பிடுங்கியதில் தப்பில்லை, கண்ணாடி இருக்கும் வரை அழித்து எழுதலாம். தப்பு, மேலே இருந்த எழுத்தைச் சுரண்டி வேறு எண் அச்சடித்து விற்பதில்தான். சிப்பின் மேற்பக்கத்தைத் தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்த்து வாங்குங்கள். நிஜ எழுத்து லேசில் போகாது. 68எச்சி705 என்று தொடங்கும் சிப்பைக் காட்டி இதுவும் அதுதான் என்பார்கள். பெயரில்தான் ஒற்றுமை; கால் வரிசையும் மெமரி அமைப்பும் வேறு.

அழிக்க 253.7 நானோமீட்டர் புற ஊதா விளக்கு வேண்டும், ஈப்ராம் இரேசர் என்று கேட்டால் கிடைக்கும். ஆரம்ப காலத்தில் அது வாங்கக் காசில்லாமல், மொட்டைமாடியில் அம்மா வடகம் காயவைத்த வேட்டியின் ஓரத்தில் நாலு ஈப்ராமை வைத்துவிட்டு வந்தவன் நான். நேர் வெயிலில் சுமார் ஒரு வாரத்தில் அழியலாம் என்று டேட்டா ஷீட்டில் படித்திருந்தேன். அக்னி நட்சத்திரத்தில் வேகமாகிவிடும் என்பது என் கணக்கு. ஐந்தாம் நாள் இரண்டு அழிந்தன, ஒன்று அரைகுறை, நாலாவதைக் காக்கா கொண்டுபோய்விட்டது. அதே டேட்டா ஷீட் டியூப்லைட் வெளிச்சத்தில் சுமார் மூன்று வருஷத்தில் அழியலாம் என்றும் சொல்கிறது. உங்கள் போர்டில் கண்ணாடி மேல் ஸ்டிக்கர் உரிந்து கிடந்ததா என்று ஒருமுறை நினைவுபடுத்திப் பாருங்கள்.

அழித்த 68705-ஐப் படித்தால் எல்லாம் 00 என்று காட்டும். சாதாரண ஈப்ராம் எஃப்எஃப் என்று காட்டுவதைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கண்டு சிப் போச்சு என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். இந்தக் குடும்பத்தில் வெறுமை என்றால் 00 தான்.

எழுதும் முறை விசித்திரமானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. இப்போது கடைகளில் கிடைக்கும் சின்ன யூஎஸ்பி புரோகிராமர்களின் சிப் பட்டியலில் 68705-ஐ நான் பார்த்ததில்லை. தேவையும் இல்லை, இந்தச் சிப் தன்னைத்தானே எழுதிக்கொள்ளும். தொழிற்சாலையிலேயே அதற்குள் ஒரு சிறிய தொடக்கப் புரோகிராம் பதித்திருக்கிறார்கள். 7-ஆம் காலில் 12 வோல்ட் கொடுத்து ரீசெட்டை விட்டால் அந்தப் புரோகிராம் எழுந்துவரும். பக்கத்தில் இருக்கும் 2716 ஈப்ராமிலிருந்து ஒவ்வொரு பைட்டாகப் படித்து, 6-ஆம் காலில் 21 வோல்ட் இருக்கும்போது தனக்குள் எழுதிக்கொள்ளும். முகவரியை எண்ணிக்கொடுக்க ஒரு 4040 கவுண்டர், 1 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், இரண்டு எல்இடி, அவ்வளவுதான் சுற்று. ஒரு எல்இடி எழுதி முடித்ததற்கு, இன்னொன்று ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்றதற்கு. மோட்டோரோலாவே இந்தச் சுற்றைப் படத்தோடு வெளியிட்டிருக்கிறது. ஓட்டை வரிசை போட்ட வெரோ போர்டில் ஒரு சாயங்காலத்தில் கட்டிவிடலாம். 5 வோல்ட் வந்த பிறகுதான் 21 வோல்ட் வர வேண்டும், போகும்போது 21 முதலில் போக வேண்டும். இந்த வரிசை மாறி நான் இழந்தது ஒன்று.

பைலை 2716-இல் ஏற்றும்போது 784 என்ற ஹெக்ஸ் (பதினாறடிமான) முகவரியைத் தனியாகப் பாருங்கள். கிளாக் கிரிஸ்டலா, வெறும் ரெசிஸ்டரா என்பது போன்ற அமைப்புகளை முடிவுசெய்யும் பைட் அங்கே இருக்கிறது. அது தப்பாக இருந்தால் புரோகிராம் பிசகில்லாமல் ஏறியிருந்தும் சிப் ஓடாது.

இதே கேள்வியை 8751 வைத்த போர்டுக்குக் கேட்டிருந்தால் பாதி நேரத்தில் முடித்திருப்பேன். டேட்டா ஈஸ்ட்டின் கர்னோவ் போன்ற போர்டுகளில் இன்டெல் 8751 இருக்கும். 40 கால், 4 கேபி ஈப்ராம். அதே 8051 குடும்பத்தை நம் இன்ஜினியரிங் காலேஜ்களில் பாடமாக வைத்திருக்கும் புண்ணியத்தால், ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் ஏடி89எஸ்52 எடுத்துத் தருவார்கள். பைனல் இயர் புராஜெக்ட் சீசனில் பெட்டி பெட்டியாக இருக்கும். அதில் 8 கேபி ஃபிளாஷ், கால் வரிசை அதே, புற ஊதா விளக்கும் வேண்டாம். யூஎஸ்பி புரோகிராமரில் வைத்து எழுதி அப்படியே சாக்கெட்டில் போடலாம்.

'அப்படியே' என்பதில் ஒரு பொறி உண்டு. பழைய 8751 என்மாஸ் வகை. வெளியிலிருந்து கிளாக் கொடுக்கும் போர்டுகளில் அதற்கு 18-ஆம் காலில் கிளாக்கைக் கொடுத்து 19-ஆம் காலைத் தரையில் கட்டியிருப்பார்கள். சிமாஸ் வகையான 89எஸ்52-க்கு கிளாக் 19-இல் வர வேண்டும், 18 சும்மா இருக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு தடவை மூன்று புதுச் சிப்பை மாற்றி மாற்றிப் போட்டு, மூன்றும் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். பிறகு அந்த இரண்டு காலையும் மேலே மடக்கி, வயரை மாற்றிக் கொடுத்ததும் முதல் சிப்பே ஓடியது. கடைக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். போர்டில் சிப்புக்கென்றே தனிக் கிரிஸ்டல் இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

பேட்டரி வைத்த போர்டுகள் தனிக் கதை. 1993-இல் வந்த கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டில் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி தீர்ந்தால் மறையாக்கச் சாவி அழிந்து ஆட்டம் நின்றுவிடும். அந்தச் சாவியைத் திரும்ப ஏற்றும் வழியை ஆர்வலர்கள் பிற்பாடு கண்டுபிடித்துவிட்டார்கள். உங்களுக்கு அது தேவையில்லை.

சட்டப்படி சரியா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஒரு புரோகிராமின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், அது தொலைந்தோ கெட்டோ போனால் பயன்படட்டும் என்று தன் பிரதியிலிருந்து காப்பி எடுத்து வைக்க அனுமதிக்கிறது. அந்த அனுமதி உங்களிடம் இருக்கும் பிரதியிலிருந்து எடுப்பதைத்தான் பேசுகிறது; வேறொருவர் படித்த பைலை இறக்குவது அதற்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. பூட்டை உடைப்பது பற்றி 2012 திருத்தத்தில் 65ஏ என்று தனிப் பிரிவும் வந்தது. என் மேஜையில் நான் வைத்திருக்கும் வரம்பு இது: போர்டை யார் கொண்டுவருகிறாரோ அவருடைய போர்டுக்கு ஒரு சிப். பத்துச் சிப் எழுதிக்கொடுங்கள் என்று வந்தால் செய்வதில்லை.

இரேசர், வெரோ போர்டு, சிப் எதையும் இப்போது வாங்காதீர்கள். குமிழைத் திறந்து, தட்டையும் சென்சார்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, திருகும்போது 12 முதல் 19 வரை உள்ள கால்கள் மாறுகின்றனவா என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள். ஏ75-க்குப் பிறகு ஸ்டிக்கரில் என்ன எண் இருக்கிறது என்பதையும்.